பூப்பனிக்குத் தண்ணீர் பாய்ச்சிய கதை

கோத்தகிரிக்காரி ஒருத்தியைப் பனி நிபுணர் என்று கடல் கடந்து அழைப்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், நானே முதலில் சிரித்திருப்பேன். அழைத்தவர் மாரியண்ணன், என் பெரியப்பா மகன். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்த எங்கள் குடும்பத்தில் பாதி கப்பலேறி நீலகிரிக்கு வந்துவிட்டது. பெரியப்பா வீட்டார் நுவரெலியாவுக்கு மேலேயே தங்கிவிட்டார்கள். அங்கே ஒரு காலத்தில் சின்னத்துரை, அதாவது தோட்டத்து உதவி மேனேஜர், குடியிருந்த பங்களாவைக் கொழும்பு முதலாளி ஒருவர் எடுத்துப் பயணிகள் விடுதியாக்கியிருக்கிறார். அண்ணன் அதற்கு மேனேஜர்.

நான் ஊட்டிப் பூங்கா ஒன்றில் நுழைவுச்சீட்டு கிழித்து ஓய்வு பெற்றவள். பனிக்கும் எனக்கும் உள்ள தொடர்பெல்லாம், சீட்டுக் கொடுக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்து வெளியே நடுங்குகிறவர்களைப் பார்த்ததுதான். ஆனால் அண்ணன் போனில் கேட்ட கேள்வி வேறு மாதிரி இருந்தது.

"தங்கச்சி, ஒங்க ஊட்டியில பனிய எப்படி விழ வெக்கிறாங்க?"

"அது தானா விழும்ணே."

"அப்படித்தான் வெளிய சொல்லுவாங்க. நீ ஒரு தடவ நேர்ல வந்து பாத்துட்டுப் போ."

விவரம் அங்கே போய்த்தான் தெரிந்தது. தை மாதம் பிறந்தால் நுவரெலியாப் பக்கம் விடியற்காலைப் புல்லில் உறைபனி படியும். உள்ளூரில் அதற்குப் பூப்பனி என்று பெயர். பனிமழையைச் சினிமாவில் மட்டுமே பார்த்த கொழும்பு, காலி, யாழ்ப்பாண சனங்கள் அந்த வெள்ளைப் புல்லைப் பார்க்க வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். சில வருடங்களாகப் பூப்பனி சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. வந்தாலும் முகம் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. அதை நம்பி விடுதி நடத்துகிறவர் பாடு திண்டாட்டம்.

முதல் நாளே நான் இறங்க வேண்டிய நானுஓயா நிலையத்தைத் தவறவிட்டேன். ரயில் கதவில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் இரண்டு பேர் தொங்கிக்கொண்டு ஒருவரையொருவர் படம் பிடித்தார்கள். அவர்கள் பெட்டிகள் வழியை அடைத்துக் கிடந்தன. நான் "எக்ஸ்க்யூஸ் மீ" சொன்னதற்கு அந்தப் பெண் சிரித்துக்கொண்டே கேமராவை என் கையில் கொடுத்தாள். படம் எடுத்து முடித்தபோது நிலையம் பின்னால் போயிருந்தது.

அடுத்த நிலையத்தில் இறங்கி ஒரு த்ரீவீலரைப் பிடித்தேன். அதுதான் இங்கே ஆட்டோ. ஓட்டியவர் சிங்களத்தில் பேச, அரைகுறைத் தமிழில் அவரே மொழிபெயர்த்தும் விட்டார். "பனி பார்க்க வந்தீங்களா? போன வருசம் வந்திருக்கணும். அப்படி ஒரு பனி." கடைத்தெருவில் தேத்தண்ணி குடித்த இடத்திலும் அதையே சொன்னார்கள். போன வருடம் வந்தவர்களிடம் அதற்கு முந்தின வருடத்தைச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஊட்டியிலும் இதே வழக்கம்தான்.

கம்பளித் தொப்பி விற்கும் நானா ஒருவரிடம் பேரம் பேசினேன். நானா என்பது இங்கே முஸ்லிம் வியாபாரிகளை மரியாதையாகக் கூப்பிடுவது. குளிரே இல்லையே, தொப்பி விற்குமா என்று கேட்டேன்.

"குளிர் இல்லாட்டியும் விக்கும்மா. படத்துல குளிரணுமே."

ஒரு தொப்பி வாங்கினேன். வெளியே வந்து உள்பக்கச் சீட்டைத் திருப்பிப் பார்த்தால் திருப்பூர். எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்துத் தொப்பியைக் கடல் தாண்டி வந்து வாங்கிய பெருமை எனக்கு.

பங்களா அழகாக இருந்தது. முன்னால் பெரிய புல்வெளி, ஓரத்தில் ரோஜாச் செடிகள். புல்வெளி முடியும் இடத்தில் சரிவு. சரிவில் லயத்துக்காரர்கள் போட்ட உருளைக்கிழங்கு, லீக்ஸ் பாத்திகள். அதற்கும் கீழே லயம், அதாவது தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகள். அதில் ஒரு வீடு அண்ணனுடையது. மேனேஜர் ஆன பிறகும் அவர் குடியிருப்பு அங்கேதான், ஏனென்றால் பங்களாவின் எல்லா அறையும் விருந்தாளிகளுக்கு. லெட்சுமி மதினி இன்னும் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறார்.

நான் கொண்டுபோன வர்க்கியைச் பால் விடாத டீயான சாயத்தண்ணியில் நனைத்துக்கொண்டே மதினி கேட்டார்: "இது ரொட்டியா, பிஸ்கட்டா?" கோத்தகிரியில் பிறந்து வளர்ந்த என்னாலும் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. பதிலுக்கு அவர் கொடுத்த கோதுமை ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் இருக்கிறதே, ரொட்டி உள்ளங்கை கனம், சம்பல் கண்ணில் தண்ணீர் வரும் காரம். மூன்றாவது ரொட்டியைப் போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே வாங்கினேன்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் விஷயத்துக்கு வந்தார். முதலாளி ஐரோப்பாவில் பனிச்சறுக்கு ஊர் ஒன்றுக்குப் போய்வந்திருக்கிறார். அங்கே பனி குறைந்துபோய், இயந்திரம் வைத்துப் பனி செய்கிறார்களாம். வந்த கையோடு அண்ணனுக்குத் தண்ணீர் தூவும் குழாய்களை அனுப்பிவைத்து, புல்வெளியில் இரவு தூவினால் விடியும்போது உறைந்து வெள்ளையாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு அவரே பார்க்க வருகிறார்.

"இந்தத் தடவ புல்லு வெளுக்கலேன்னா, பங்களாவ வேற கம்பெனிக்கிட்டக் குடுத்துருவேன்னுட்டாரு. அவங்க ஆளு அவங்க கொண்டாருவாங்க. எனக்கு வேல இருக்காது," என்றார் அண்ணன். "எங்கப்பா இந்த பங்களாவுக்குள்ள பின்பக்கமாத்தான் வருவாரு, அதுவும் செருப்பக் கழட்டிட்டு. நான் முன்னால நின்னு வாங்கன்னு கூப்புடுறேன். அத விட மனசு வரல தங்கச்சி."

எனக்கு அதற்குமேல் கிண்டல் வரவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு பனி நிபுணராக எழுந்தேன்.

தண்ணீர் வரும் வழியையும் அண்ணன் காட்டினார். மேலே காட்டோரத்து ஊற்று. அதிலிருந்து பங்களாத் தொட்டிக்கு ஒரு குழாய். தொட்டி நிறைந்து வழிந்தால்தான் கீழே லயத்துப் பீலிக்குத் தண்ணீர். பீலி என்றால் லயத்துக்காரர்கள் குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் நிற்கிற பொதுக் குழாயடி. துரை குடித்து மிஞ்சியது கீழே என்ற அந்தக் காலத்து ஏற்பாடு. துரை போய்விட்டார், ஏற்பாடு போகவில்லை.

இரண்டாம் நாள் ஒத்திகை. சாயங்காலமே வானம் மூட்டமாக இருந்தது. மூட்டம் போட்டால் பனி உறையாது என்பது எங்கள் ஊரில் சீட்டுக் கிழிக்கிறவளுக்கும் தெரியும். சொன்னேன். அண்ணன் கேட்கவில்லை. இரவு முழுக்கக் குழாய்கள் புஸ் புஸ்ஸென்று தூவின. விடிந்து பார்த்தால் புல்வெளி சேறு. என் செருப்பு ஒன்று அதில் மாட்டிக்கொண்டு, அதைப் பிடுங்கப் போன அண்ணனுடைய செருப்பும் மாட்டிக்கொண்டது.

நாங்கள் வெறுங்காலோடு நின்றபோது கீழேயிருந்து பெண்கள் காலிக் குடங்களோடு ஏறி வந்தார்கள். பீலியில் ஒரு சொட்டு இல்லை. ஒருத்தி புல்வெளியை நிதானமாகப் பார்த்தாள்.

"மாரியண்ணே, பங்களாவுல நெல்லு நடப்போறீங்களா? சொன்னா நாத்துக்கட்டத் தூக்கிட்டு நாங்களும் வருவோமுல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார், ஆனால் காது சிவந்துவிட்டது. தொட்டி மறுபடி நிறைந்து வழிய மத்தியானம் ஆயிற்று. அதுவரை லயத்தில் ஒரு வீட்டிலும் சோறு பொங்கவில்லை. மதினி காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அண்ணனைத் தாண்டி என் பக்கத்தில் வந்தார். என்னிடம் மட்டும் சொன்னார்.

"பெரட்டுல எல்லாரும் என்னியத்தான் கேப்பாங்க. அவுங்களுக்கு நான் என்னா பதில் சொல்றது?" பெரட்டு என்பது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம். "இந்தப் பூப்பனி வேணும்னு கேக்குறதே எங்களுக்குப் புரியல. அது விழுந்தா கொழுந்து கருகிப்போகும். கொழுந்து இல்லாட்டி வேல இல்ல. நாங்க விழக்கூடாதுன்னு கும்புடுறோம், இவரு விழணும்னு குழாய் போடுறாரு."

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். நான் மனதில் மீசை வைத்து ஒரு முதலாளியைக் கற்பனை செய்திருந்தேன். வந்தவர் ஒல்லியாக, சிரித்த முகமாக, இறங்கியதும் அண்ணனின் உடல்நலம் விசாரிக்கிறவராக இருந்தார். கூடவே மனைவியும் கொழும்புச் சினேகிதர்கள் இரண்டு பேரும். இப்படிப்பட்டவரைத் திட்டவும் முடியாது என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

இரவுச் சாப்பாட்டில் என்னையும் உட்காரவைத்து ஐரோப்பாக் கதை சொன்னார்.

"மலை முழுக்கக் காய்ஞ்ச புல்லு. நடுவில மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை, நாடா மாதிரி. அந்த நாடாவிலதான் அத்தனை சனமும் சறுக்குது. ராத்திரி ராத்திரி மெஷின் பனி ஊதும். அதுக்குத் தண்ணி வேணும்னு மலை உச்சியில குளமே வெட்டியிருக்காங்க."

"மிஞ்சின பனியை மரத்தூள் போட்டு மூடி அடுத்த சீசன் வரைக்கும் வெச்சிருப்பாங்களாம்," என்றார் அவர் மனைவி. நாம் ஊறுகாய் வைப்பதுபோல என்று நான் சொன்னதற்கு அவர் மனம்விட்டுச் சிரித்தார்.

"கீழே ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர்?" என்று கேட்டேன்.

"அதான் அங்க பெரிய சண்டை. ஓடை வத்துது, மீன் செத்துப்போகுது, மெஷினுக்குக் கரண்ட் இவ்வளவு போகுதுன்னு காலையில ஒருத்தர் பதாகை பிடிச்சிட்டு நின்னார். மத்தியானம் பார்த்தா அவரேதான் எங்களைக் கம்பிவண்டியில ஏத்தி விட்டார். அவரும் என்ன செய்யிறது? பனி இல்லைன்னா அந்த ஊருக்கு வேற பிழைப்பு இல்லை."

சீட்டுக் கிழித்தவளாக எனக்கு அந்த மனிதரை நன்றாகவே புரிந்தது. பரிமாறிக்கொண்டிருந்த அண்ணனுக்கு என்னைவிட நன்றாகப் புரிந்திருக்க வேண்டும். கையில் கறிச்சட்டியோடு அப்படியே நின்றுவிட்டார்.

வெளியே வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. காற்று இல்லை. இன்றைக்குத் தானாகவே விழும், தண்ணீரை வீணாக்காதே என்று அண்ணனிடம் சொன்னேன். "விழாட்டி?" என்றார். நிபுணரான நான் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டேன். அண்ணன் முக்கால்வாசித் தொட்டியைப் புல்வெளிக்குத் திறந்துவிட்டு, மிச்சத்தை விருந்தாளிகளின் குளியலுக்கு வைத்தார்.

விடியும் நேரம் கதவைத் திறந்தவள் அப்படியே நின்றேன். எல்லாம் வெள்ளை. புல்வெளி மட்டுமில்லை, சரிவு, பாத்திகள், லயத்துத் தகரக் கூரை, எதிர் மலைத் தேயிலை எல்லாமே. ரோஜாச் செடியின் முள்ளில்கூட உப்புத் தூவியதுபோல இருந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அண்ணன் சமையலறையில் பாட்டுப் பாடிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினார். முதலாளியை எழுப்பி, கோப்பையைக் கையில் கொடுத்து, கதவைத் திறந்துவிடுவதாகத் திட்டம்.

கீழே பாத்திகளில் பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். வெயில் படுவதற்குள் இலையில் இருக்கும் பனியைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிழங்குச் செடி வெந்ததுபோலக் கருகிவிடும். எங்கள் பூங்காவிலும் தோட்டக்காரர்கள் இதைத்தான் செய்வார்கள். பீலி மறுபடியும் வறண்டிருந்ததால் மதினி மேலே வந்து, யாரையும் கேட்காமல், தொட்டியில் நீளக் குழாயை மாட்டிக் கீழே இழுத்துப்போனார். பாத்தி பாத்தியாக இலைகள் பச்சையாகத் திரும்பி வந்தன.

குழாய் எட்டிய பாத்தியெல்லாம் முடிந்ததும் குழாயோடு மேலே ஏறி வந்தார். தலையில் துண்டு, பாதித் தூக்கம், விறைத்துப்போன விரல்கள். எதிரே புல்வெளி வெள்ளையாகக் கிடந்தது. மதினி நிற்கவே இல்லை. வந்த வேகத்தில் அதையும் கழுவ ஆரம்பித்துவிட்டார். ரோஜாச் செடி, வாசற்படி ஓரம், புல், எல்லாம். எனக்குச் சத்தம் வருவதற்குள் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

"மதினி, அது புல்லு."

குழாயைப் பிடித்தபடி சிலையாக நின்றார். "அய்யோ," என்றார் மெதுவாக. "வெள்ளையாக் கெடந்துச்சு. கையி தானாப் போயிருச்சு."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. முதலாளியும் அவர் மனைவியும் சினேகிதர்களும் கம்பளியும் கையுறையுமாக வெளியே வந்தார்கள். பின்னால் தேத்தண்ணித் தட்டோடு அண்ணன். முன்னால் பச்சைப் பசேலென்ற ஈரப் புல்வெளி. நடுவில் மட்டும் ஒரு வெள்ளைப் பட்டை, நாடா மாதிரி. அவர் ஐரோப்பாவில் பார்த்தது அப்படியே கிடைத்துவிட்டது என்று சொல்ல நாக்கு துடித்தது. அண்ணன் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

நல்லவேளையாகச் சினேகிதர் ஒருவர் எதிர் மலையைக் காட்டினார். பிறகு எல்லாரும் சரிவுக்கு ஓடினார்கள். கீழே குழாய் எட்டாத ஒரு பாத்தியில் இன்னும் குடத்துத் தண்ணீரால் கழுவிக்கொண்டிருந்தார்கள். அப்போது வெயில் வந்தது. கழுவிய இலைகளிலிருந்து ஆவி எழும்ப, எல்லாரும் படமெடுத்துத் தள்ளினார்கள். முதலாளியின் மனைவி மதினியிடமிருந்து குழாயை வாங்கி ஒரு செடியைக் கழுவப் போய்த் தானே நனைந்தார். அவர் சிரித்த சிரிப்பில் லயத்துப் பெண்களும் சிரித்தார்கள். நான் மூச்சுவிட்டேன். அண்ணன் வேலை தப்பித்தது என்றுதான் நினைத்தேன்.

காலைச் சாப்பாட்டில் முதலாளி உற்சாகமாக இருந்தார்.

"மாரி, புல்வெளியை விடு. அடுத்த சீசனுக்கு அந்தக் குழாயெல்லாம் கீழ கிழங்குப் பாத்திக்கு மேல போடு. பனி விழாத நாளும் ராத்திரி தூவி உறைய வைப்போம். காலையில விருந்தாளிகள் இறங்கி, அந்தப் பெண்களோட சேர்ந்து கழுவட்டும். சனம் இதுக்குன்னே வரும்."

சினேகிதர்கள் மேசையைத் தட்டிப் பாராட்டினார்கள். நேற்று முதலாளி வந்ததிலிருந்து அண்ணன் எதற்கும் "சரிங்க சார்" என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போதும் அதைத்தான் சொல்லப்போகிறார் என்று தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

"அது முடியாதுங்க சார்."

"ஏன்? அவங்களுக்கும் ஏதாவது குடுப்போம்."

"அது அவுங்க சாப்புடுற சாமான் சார். ஒரு நாள் கழுவப் பிந்துனா மொத்தமும் போயிரும். பனி தானா விழுந்தா சரி, கடவுளத் திட்டிட்டுக் கழுவுவாங்க. நானே போய் ராத்திரியில வெச்சுட்டு வர முடியாது."

முதலாளி கரண்டியைக் கீழே வைத்தார். கோபமில்லை, வருத்தம்தான். "யோசி மாரி. நீ செய்யாட்டி, கம்பெனிக்காரன் ஆள் போட்டுச் செய்வான்."

"செய்வாங்க சார். செய்யட்டும். நான் கீழதான குடியிருக்கேன், என் கையால வேணாம்."

கிளம்பும்போது முதலாளி மாத முடிவில் பேசலாம் என்றார். எந்த மாதிரிப் பேச்சு என்பது எல்லாருக்கும் தெரிந்தது. அண்ணன் வாசலில் நின்று கைகூப்பி வழியனுப்பினார். என் அண்ணனை நினைத்து நான் அவ்வளவு பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

எதிர் மலையில் தேயிலை அதற்குள் பழுப்பேற ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு மதினிக்கு வேலை இல்லை. அண்ணன் புல்வெளிக்குப் போய், தூவுகிற குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மதினி படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேல போயிருமா?"

"போயிரும்னுதான் நெனக்கிறேன்."

மதினி எழுந்து சேலையை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"சரி, அந்த மொனையப் புடிங்க. வேல போறதுக்குள்ள எல்லாத்தையும் ஒண்ணாப் பூட்டி ஊத்துலருந்து நேரா நம்ம பீலிக்கு இழுப்போம். எட்டுதான்னு பாப்பம்."

மூவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். எட்டியது. கொஞ்சம் மிச்சமும் இருந்தது.